படிக்கட்டோடு நிறுத்தி விட்டோமே!

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நமது கடைவீதிகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. அதில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள். ஊன்றுகோலுடன் ஒருவர் வருவார். கண் தெரியாத பெரியவரை ஒரு சிறுமி கைபிடித்துக் கூட்டி வருவாள். கை சூம்பிய இளைஞர் ஒருவர் வருவார். முதலாளி முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் ஒரு நாணயத்தை எடுத்துப் போடுவார். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஜும்ஆவுக்குப் புறப்படுவார். அங்கே பள்ளிவாசல் படிக்கட்டில் அதே ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மறுபடியும் சில்லறை. முதலாளி படியேறி உள்ளே போவார். அவர்கள் படியிலேயே இருப்பார்கள்.

அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. தொழுகை அவர்கள் மீதும் கடமைதான். இகாமத் சொல்லும் நேரத்தில், "வாங்க பாய், உள்ளே போய்த் தொழலாம்" என்று அவர்களில் ஒருவரைக் கைபிடித்து அழைத்துப் போனவர் நம்மில் யாராவது உண்டா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

சில்லறை போடுவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. பேரீத்தம்பழத்தின் ஒரு துண்டும் தர்மம்தான். ஆனால் நாணயம் தட்டில் விழுந்ததும் நம் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று எண்ணுகிறோமே, அந்த எண்ணத்தைத்தான் கேள்வி கேட்கிறேன். ஸஃப்பில் அவருக்கு இடம் இல்லை. மதரஸாவில் இல்லை. கடையில் இல்லை. ஜமாஅத் கூட்டத்தில் இல்லவே இல்லை. படிக்கட்டில் மட்டும் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறோம்!

மதீனாவின் பாங்கோசை

அபஸ அத்தியாயத்தை ஓதாத மதரஸா மாணவன் கிடையாது. குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் பேசிக் கொண்டிருந்தபோது கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து கேள்வி கேட்டார்கள். நபியவர்களின் முகம் சற்றுச் சுளித்தது. உடனே வானத்திலிருந்து கண்டிப்பு வந்தது. மேடையில் இதை உருக்கமாகச் சொல்வோம். மக்கள் "சுப்ஹானல்லாஹ்" என்பார்கள். அத்தோடு பயான் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு அந்த ஸஹாபி என்ன ஆனார் என்பதை நாம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்?

அவர் மஸ்ஜிதுந் நபவியின் முஅத்தின் ஆனார். ரமலானில் பிலால் (ரலி) அவர்களின் பாங்கு கேட்டால் சாப்பிடுவதை நிறுத்த வேண்டியதில்லை, இப்னு உம்மி மக்தூமின் பாங்கு கேட்டால் நிறுத்துங்கள் என்று மதீனா மக்களுக்கு உத்தரவு. ஓர் ஊர் முழுவதும் கண் தெரியாத ஒருவரின் குரலைக் கேட்டு நோன்பைத் தொடங்கியது! விடிந்ததை அவரால் பார்க்க முடியாதே? பக்கத்தில் இருந்தவர்கள், "விடிந்துவிட்டது" என்று அவருக்குச் சொல்வார்கள். அவர் பாங்கு சொல்வார். கண் தெரியாதவருக்கு எதற்கு இந்தப் பொறுப்பு, வேறு ஆளைப் போடலாமே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்ட ஒரு சிறு உதவியைத் தோழர்கள் செய்தார்கள். பதவி அவருடையதாகவே இருந்தது.

நபியவர்கள் மதீனாவை விட்டு வெளியே போன பல சந்தர்ப்பங்களில் அங்கே மக்களுக்குத் தொழுவிக்கும் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. இன்று கண் தெரியாத ஹாபிழ் ஒருவர் இமாம் வேலைக்கு மனுப் போட்டால் நமது நிர்வாகிகள் என்ன சொல்வார்கள்? கண் தெரியாதவர் இமாமத் செய்வது மக்ரூஹ் என்று ஃபிக்ஹு நூலில் எழுதியிருப்பதை எடுத்துக் காட்டுவார்கள். உண்மைதான், சில நூல்களில் அப்படி உண்டு. அசுத்தத்தைக் கவனிக்க முடியாமல் போகலாம் என்பது அதற்குச் சொன்ன காரணம். அங்கிருப்பவர்களில் அவரே மார்க்க அறிவில் சிறந்தவராக இருந்தால் மக்ரூஹ் இல்லை என்று அதே நூல்களில் எழுதியிருக்கிறது. அந்த வரியை மட்டும் நம்மவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்!

பார்வை மங்கிப் போன இத்பான் (ரலி) அவர்கள், மழைக்காலத்தில் பள்ளத்தில் வெள்ளம் ஓடுகிறது, பள்ளிக்கு வர முடியவில்லை என்று முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அவர் வீட்டுக்கே நடந்து போய்த் தொழுதார்கள். அறிவில் சற்றுக் குறைபாடு இருந்த ஒரு பெண்மணி, உங்களிடம் ஒரு காரியம் இருக்கிறது என்று வந்து நின்றபோது, எந்தத் தெருவில் நின்று பேச வேண்டும் என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அங்கே நின்று அவர் பேசி முடிக்கும்வரை கேட்டார்கள். ஓர் ஆட்சித் தலைவருக்கு அதற்கு நேரம் இருந்தது. நமக்கு ஒரு ரூபாயைப் போடுவதற்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது.

ஒன்பது படிகள்

நான் அடிக்கடி பயானுக்குப் போகும் ஒரு பள்ளிவாசலுக்கு ஒன்பது படிகள். புதிதாகக் கட்டிய பள்ளி. மினாராவுக்கு மட்டும் பல லட்சம் செலவு. உள்ளே ஏ.சி., தரையில் வழுக்கும் மார்பிள். பக்கவாட்டில் ஒரு சாய்தளமும் உண்டு. "மாஷா அல்லாஹ், சக்கர நாற்காலிக்காகவா?" என்று கேட்டேன். "இல்லை ஹஜ்ரத், டூவீலர் ஏற்றுவதற்கு" என்றார்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைத்தால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இதுதான் கட்டடக் கலையில் ஒத்துக்கொள்ளப்பட்ட அளவு. இந்தப் பள்ளியில் இருந்த சாய்வில் பைக் ஏறும், நாற்காலியில் வரும் மனிதர் பின்னால் கவிழ்ந்து விடுவார்.

சக்கரத்தில் தெரு அசுத்தம் ஒட்டியிருக்கும், பள்ளி நஜீஸாகிவிடும் என்று ஒரு வாதம் வைக்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போய் வந்தவர்கள்தான். ஸஃபா மர்வாவுக்கு இடையில் சக்கர நாற்காலிகள் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். நபி (ஸல்) அவர்களே ஒட்டகத்தின் மீது அமர்ந்து தவாஃப் செய்திருக்கிறார்கள். உடல்நலமில்லாத உம்மு ஸலமா (ரலி) அவர்களுக்கும், சவாரி செய்தபடி மக்களுக்குப் பின்னால் தவாஃப் செய்யும்படி சொன்னார்கள். கஅபாவைச் சுற்றி ஒட்டகம் நடக்கலாம், நம் ஊர்ப் பள்ளியின் கம்பளத்தில் துடைத்த சக்கரம் உருளக் கூடாதா? வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வைக்க முடியாதா? அதுவும் முடியாதென்றால், பள்ளிக்குள் பயன்படுத்துவதற்கென்றே ஒரு சக்கர நாற்காலி வாங்கி வையுங்கள். ஏ.சி. விலையில் பல நாற்காலிகள் வாங்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக் கொள்ளாதீர்கள். சில வருடங்களுக்கு முன்வரை பள்ளிக்குள் நாற்காலி போட்டுத் தொழுவதை ஒரு குழப்பமாகப் பார்த்தோம். இன்று எல்லாப் பள்ளிகளிலும் நாற்காலி வந்துவிட்டது. முத்தவல்லிகளுக்கு மூட்டுவலி வந்ததும் மஸ்அலா எளிதாகிவிட்டது!

காது கேளாதவர்கள் நிலை இன்னும் மோசம். குத்பா தமிழிலா அரபியிலா என்று ஊருக்கு ஊர் சண்டை போட்டோம். இரண்டுமே காதில் விழாத ஒருவர் அதே ஸஃப்பில் உட்கார்ந்திருப்பது நம் நினைவுக்கே வரவில்லை. ஊமையின் தெளிவான சைகை, வாயால் சொன்னதற்குச் சமம் என்று ஃபிக்ஹில் படித்தோம். நிக்காஹ்விலும் கொடுக்கல் வாங்கலிலும் அந்தச் சைகையை ஏற்றுக் கொள்கிறோம். ஆனால் அந்தச் சைகையிலேயே அவருக்கு மார்க்கத்தைச் சொல்ல ஓர் ஆலிமையாவது தயார் செய்தோமா? கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் புளிக்கலில் உள்ள ஒரு பள்ளிவாசலில் குத்பாவைச் சைகை மொழியில் திரையில் காட்டுகிறார்கள். பக்கத்து மாநிலம்தான், விசாவா வேண்டும்?

சங்கிலி எங்கே தொடங்குகிறது?

இனி நான் சொல்லப் போவது என் சொந்தக் குற்றம்.

மூன்று ரமலானுக்கு முன்பு ஒரு தராவீஹ் இரவு. எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் தன் மகனைப் பள்ளிக்கு அழைத்து வந்திருந்தார். பதினான்கு வயது. உடம்பு வளர்ந்திருக்கிறது, அறிவு ஐந்து வயதுப் பிள்ளையினுடையது. ருகூவுக்குப் போகும் போதெல்லாம் அவன் சந்தோஷமாகச் சத்தம் போட்டான். நான்கு ரக்அத் முடிந்ததும் ஒரு பெரியவர் திரும்பி, "பைத்தியத்தை எல்லாம் ஏன் பள்ளிக்குக் கூட்டி வர்றீங்க?" என்று சபை கேட்கச் சத்தம் போட்டார். தகப்பனார் ஒரு வார்த்தை பேசவில்லை. மகனின் கையைப் பிடித்து எழுந்து போய்விட்டார். அன்று இரவு பயான் எனக்கு. மிம்பருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நான் வாய் திறக்கவில்லை. பிறகு எழுந்து, பெற்றோரைப் பேணுவதன் சிறப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன்!

குழந்தையின் அழுகை கேட்டால் தொழுகையைச் சுருக்கியவர்கள் நபி (ஸல்) அவர்கள். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுவித்தவர்கள். குழந்தையின் சத்தத்துக்காகத் தொழுகையைச் சுருக்கினார்களே தவிர, குழந்தையை வெளியே அனுப்பவில்லை.

இப்படி வெளியே அனுப்பப்படுகிறவர்கள் கடைசியில் எங்கே போகிறார்கள்? முதலில் கூடத்திலிருந்து உள்ளறைக்கு. கல்யாணம், வலீமா என்றால் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். அக்காவைப் பெண் பார்க்க வரும் நாளில் தம்பியை மறைத்து வைப்பார்கள். "எந்தப் பாவத்துக்கு இப்படிப் பிறந்தது" என்று தாயைக் குத்திப் பேச ஊரே திரண்டு வரும். அய்யூப் நபியின் சோதனையை ஓதுகிற வாய்தான் இதையும் பேசுகிறது! தாய் தளர்ந்த பிறகு, கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுங்கள் என்று யோசனை சொல்வார்கள்.

அந்த 'எங்காவது' எது என்று 2001 ஆகஸ்ட் 6 அன்று நாடே பார்த்தது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை அடைத்து வைத்திருந்த ஒரு தனியார் கொட்டகையில் அதிகாலையில் தீப்பிடித்தது. மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். ஓட முடியவில்லை. காலில் சங்கிலி! உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்தது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. பின்னாளில் அதே ஏர்வாடியில் அரசு மனநல மருத்துவர்கள் வந்து மருந்து கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. குஜராத்தில் உனாவா என்ற ஊரில் உள்ள மீரா தாதர் தர்காவில் பின்பற்றிய முறை அது. தர்காவைப் பற்றி எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம், அது வேறு விவாதம். நோயாளிக்கு மருந்து போய்ச் சேர்வதை எதிர்க்க யாருக்கும் உரிமை இல்லை.

அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். கொண்டுவந்து விட்டது அவரவர் குடும்பம். முஸ்லிம் உலகத்துக்கு இது தெரியாத விஷயமா? 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்றே தனிப் பகுதி இருந்தது. எழுநூறு வருடம் கழித்து நாம் கொட்டகைக்கும் சங்கிலிக்கும் வந்து சேர்ந்தோம்.

நமக்கு மட்டும் இடஒதுக்கீடா?

2007இல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு கிடைத்தது. அதற்காக வெயிலில் நின்றோம், ஊர்வலம் போனோம். நாங்கள் பிச்சை கேட்கவில்லை, உரிமை கேட்கிறோம் என்று தொண்டை வறளக் கத்தினோம். அந்தக் கோஷத்தை இன்று நம் ஜமாஅத்தில் ஒரு மாற்றுத்திறனாளி நம்மைப் பார்த்து எழுப்பினால் என்ன பதில் சொல்வோம்?

ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றி மாற்றுத்திறனாளிகள் என்று 2010இல் தமிழக அரசு பெயர் வைத்தது. நம் தெருக்களில் இன்னும் 'நொண்டி', 'செவிடன்', 'ஊமையன்' என்றுதான் அழைக்கிறோம். அதையே அடைமொழியாக்கி ஆளைக் குறிப்பிடுகிறோம். பட்டப்பெயர் சூட்டுவதை ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருக்கிறது. அல்லாஹ்வின் வார்த்தைக்கு அஞ்சாதவர்கள் சட்டத்துக்காவது அஞ்சட்டும். பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அந்தத் தராவீஹ் இரவில் கத்திய பெரியவருக்கு இது தெரியாது. எனக்கும் அன்று தெரியாது.

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் சொன்னது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசம், மனநோய், ரத்த நோய்கள் உள்பட 21 வகைகளைச் சொல்கிறது. நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீதம், அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதம் இடம். ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி. அறிவு வளர்ச்சிக் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வயது வந்த பிறகு சட்டப்படி காப்பாளரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. "நான் மவ்த்தான பிறகு இவனை யார் பார்ப்பார்கள்" என்று இரவெல்லாம் அழும் தாய்மார்களில் எத்தனை பேருக்கு இதைச் சொன்னோம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள். நம் மஹல்லாவில் எத்தனை பேர்? பெரும்பாலான ஜமாஅத்துகளில் இதற்குப் பதில் இல்லை. சந்தா பாக்கி வைத்தவர்களின் பட்டியல் மட்டும் சுத்தமாக இருக்கிறது.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். இரத்த தான முகாம் நடத்துகிறீர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறீர்கள், அல்லாஹ் கூலி தருவான். இந்த மாதம் வீடு வீடாகப் போய் ஒரு பட்டியல் எடுங்கள். உள்ளறையில் இருப்பவர்களையும் சேர்த்து எடுங்கள். அடையாள அட்டை இல்லாதவர்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நீங்களே அழைத்துப் போங்கள். மாதாந்தர உதவித்தொகையும் பஸ் சலுகையும் அந்த அட்டை இல்லாமல் கிடைக்காது. முக்கியமாக, பேசத் தொடங்காத சிறு பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமிருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறோமோ அந்த அளவுக்குப் பிள்ளைக்குப் பேச்சு வரும். நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது? "அவங்க வாப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று மூன்று வருடம். தாயத்து, தண்ணீர் ஓதிக் கொடுப்பது என்று இன்னும் இரண்டு வருடம். டாக்டரிடம் போகும்போது பிள்ளைக்கு ஏழு வயது. அந்தப் பிள்ளை இழந்ததை எந்த ஜகாத் திருப்பிக் கொடுக்கும்?

2025இல் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கத் தமிழகச் சட்டமன்றம் சட்டத்தையே திருத்திவிட்டது. பேரூராட்சியில் உட்காரத் தகுதியுள்ளவர் ஜமாஅத் கமிட்டியில் உட்காரக் கூடாதா?

தட்டை எடுத்து வையுங்கள்

வியாபாரிகளிடம் கணக்காகவே பேசுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு ஒரு கடை 200 ரூபாய் சில்லறை கொடுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். வருடத்துக்கு 10,400 ரூபாய். ஐம்பது கடை உள்ள ஒரு பஜாரில் 5,20,000 ரூபாய். இந்தப் பணத்தில் ஒரு பிசியோதெரபி ஆசிரியரை மஹல்லாவில் அமர்த்தலாம். சிறப்புப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல வண்டி விடலாம். இன்று அந்த 5,20,000 ரூபாய் எங்கே போகிறது? ஐம்பது கடை வாசலில் வெயிலில் நடப்பதற்குக் கூலியாகப் போகிறது!

உமர் (ரலி) அவர்கள் தெருவில் பிச்சை கேட்ட கண் தெரியாத யூத முதியவர் ஒருவரைப் பார்த்தார்கள். கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போய் இருந்ததைக் கொடுத்தார்கள். அத்தோடு விடவில்லை. பைத்துல்மால் பொறுப்பாளருக்குச் சொல்லி, அவரைப் போன்ற எல்லோருக்கும் நிரந்தர ஏற்பாடு செய்ய வைத்தார்கள். உமையாக் கலீஃபா வலீத், தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகை ஏற்படுத்திப் பிச்சை எடுக்க வேண்டாம் என்றார். நடக்க முடியாதவருக்கு ஒரு பணியாளையும் கண் தெரியாதவருக்கு ஒரு வழிகாட்டியையும் கொடுத்தார். இத்தனைக்கும் ஹஜ்ஜாஜைக் கவர்னராக வைத்திருந்தவர் அவர்! அவர் செய்ததைக்கூட நம் ஜமாஅத்துகள் செய்யவில்லை.

இங்கே ஒரு மஸ்அலாவையும் சொல்லிவிடுகிறேன். உடல் குறைபாடு ஒருவரை ஜகாத் வாங்கத் தகுதியுள்ளவராக ஆக்கிவிடாது. அவருடைய வறுமை அல்லது கடன்தான் அதைத் தீர்மானிக்கும். சக்கர நாற்காலியில் வருபவரைப் பார்த்ததும் பாக்கெட்டில் கை விடாதீர்கள். அவர் ஜகாத் கொடுப்பவராக இருக்கலாம்.

கடையில் என்ன வேலை கொடுப்பது என்று கேட்கிறீர்களா? பில் போட, கணக்கு எழுத, போனில் ஆர்டர் எடுக்க இரண்டு காலும் எதற்கு? சரக்கு பிரிக்க, பேக்கிங் செய்யக் காது எதற்கு? உங்கள் கல்லாவும் படிக்கு மேலேதானே இருக்கிறது, அதையும் கொஞ்சம் பாருங்கள். ஆனால் அனுதாபச் சம்பளம் என்று பாதிக் கூலி கொடுப்பதாக இருந்தால் கூப்பிடவே கூப்பிடாதீர்கள்.

போன வாரம் அந்த வியாபாரியின் வீட்டுக்குப் போனேன். மூன்று வருடம் தாமதமாகத்தான் போனேன். டீ கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு நீங்க மிம்பர் பக்கத்துலதான் இருந்தீங்க ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். பையன் என் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தான். வரும் ஜும்ஆவுக்கு அவனை அழைத்து வரச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். முதல் ஸஃப்பில் என் பக்கத்தில் நிற்பான் என்று பள்ளிச் செயலாளரிடமும் சொல்லிவிட்டேன். "சத்தம் போடுவானே ஹஜ்ரத்?" என்றார்.

போடுவான். போடட்டும்.